காண்ட்ராக்ட் மாறியதும் வேலை போய்விட்டதா? வட சென்னைத் தொழிலாளி அரசிடம் முறையிடும் வழி

மணலி, எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கம் காண்ட்ராக்டில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. பழைய காண்ட்ராக்ட் முடிகிறது, புதிதாக ஒருவர் டெண்டர் எடுக்கிறார், இருந்த ஆட்களில் பாதிப் பேரை "அப்புறம் கூப்பிடுறோம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். கடைசி மாதச் சம்பளம் நிற்கிறது. பி.எஃப். பிடித்தார்கள், கட்டினார்களா என்று தெரியாது. காண்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை. கம்பெனியில் கேட்டால், "நீங்க எங்க ஆளே இல்லையே" என்கிறார்கள்.

எனக்கும் ஒரு கன்டெய்னர் யார்டில் இதுதான் நடந்தது. பாக்கி கடைசியில் கைக்கு வந்தது. ஆனால் எந்த அலுவலகம், எந்த மேசை, எந்தத் தாள் என்று சொல்ல ஆளில்லாமல் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல. இன்னொருவர் அப்படி அலையக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: தொழிலாளர் துறை தானாக உங்கள் கேட்டுக்கு வந்து நிற்கும் என்று காத்திருக்காதீர்கள். ஆனால் தேதி போட்ட மனு அங்கே பதிவாகிவிட்டால், காண்ட்ராக்டரும் கம்பெனியும் பதில் சொல்லியாக வேண்டும். எல்லாம் அந்த மனுவில்தான் தொடங்குகிறது.

1. கேட் பாஸைத் திருப்பிக் கொடுக்கும் முன் போட்டோ எடுங்கள்

கடைசி நாளன்று கேட்டில் செக்யூரிட்டி பாஸை வாங்கி வைத்துக்கொள்வார். அதற்கு முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். அந்தச் சின்ன அட்டையில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது. முன்பக்கம் உங்கள் போட்டோ, பெயர், பாஸ் எண், காண்ட்ராக்டர் பெயர். பின்பக்கம் கம்பெனி பெயர், செல்லுபடியாகும் தேதி, கம்பெனி அதிகாரியின் கையெழுத்து. "எங்கள் ஆள் இல்லை" என்று சொல்கிற அதே கம்பெனியின் முத்திரை அதில் இருக்கும். பழைய வருடத்துப் பாஸ்கள் வீட்டில் கிடந்தால் அவற்றையும் தேடி எடுங்கள்.

அப்புறம் இவை:

- ஆதார், பேங்க் பாஸ்புக் நகல். சம்பளம் அக்கவுண்டில் வந்திருந்தால் கடைசி மூன்று வருட ஸ்டேட்மென்ட். எந்தப் பெயரிலிருந்து பணம் வந்தது என்பது அதில் தெரியும்.
- பே ஸ்லிப், வேலை உத்தரவு. இருந்தால் நல்லது, இல்லையென்றால் கவலை வேண்டாம்.
- யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். கணக்குகளை அடையாளம் காட்டும் எண்), பி.எஃப். பாஸ்புக் பிரதி. ஈ.எஸ்.ஐ. எண்.
- சூப்பர்வைசர் ஷிப்ட் போட்ட வாட்ஸ்அப் செய்திகள். ஸ்கிரீன்ஷாட்டில் எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். குழுவிலிருந்து உங்களை நீக்குவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.
- உங்களோடு வேலை பார்த்த இரண்டு பேரின் பெயரும் போன் எண்ணும். வடமாநிலத் தம்பிகள் ஊருக்குத் திரும்பிவிட்டால் பிடிப்பது கஷ்டம், உடனே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அனுபவச் சான்றிதழையும் காண்ட்ராக்டரிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம்.

எச்சரிக்கை: "செட்டில்மென்ட் போட்டுத் தருகிறோம்" என்று வெற்றுத்தாளிலோ, ராஜினாமாக் கடிதத்திலோ கையெழுத்து கேட்பார்கள். போடாதீர்கள். நீங்களே விலகியதாக ஒரு தாள் அவர்கள் கையில் இருந்தால் பிற்பாடு வாதாடுவது மிகவும் சிரமம். பணம் வாங்கும்போது கையெழுத்துப் போடத்தான் வேண்டும் என்றால், எந்த மாதத்துக்கு எவ்வளவு என்று உங்கள் கையாலேயே எழுதி, கீழே "மீதி பாக்கி கேட்கும் உரிமையுடன் பெற்றுக்கொண்டேன்" என்று சேர்த்துவிடுங்கள்.

2. உங்கள் இடம் மத்திய அரசுக்கு உட்பட்டதா, மாநில அரசுக்கா?

வட சென்னையில் பெரும்பாலோர் சிக்குவது இங்கேதான். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு மாதக்கணக்கில் கிடந்துவிட்டு, "எங்கள் வரம்புக்குள் வராது" என்று திரும்பி வரும். உங்கள் காண்ட்ராக்டர் யார் என்பதைவிட, யாருடைய இடத்தில் வேலை செய்தீர்கள் என்பதுதான் முக்கியம்.

ரயில்வே, பெரிய துறைமுகங்கள், மத்திய பொதுத்துறை நிறுவனங்கள், அவற்றின் துணை நிறுவனங்கள் எல்லாம் மத்திய அரசின் கணக்கு. அங்கே வேலை எடுத்த காண்ட்ராக்டரும் அதே கணக்கில்தான் சேர்வார். நம் பக்கத்தில் பார்த்தால் சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், மணலி சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை, மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், பெரம்பூர் ரயில்வே பணிமனைகள். இந்த இடங்களுக்குள் வேலை செய்தவர்கள் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் உள்ள சாஸ்திரி பவனுக்குப் போக வேண்டும். மத்தியத் தொழிலாளர் ஆணையரகத்தின் சென்னை அலுவலகம் அங்கே இருக்கிறது. சமாதான் என்ற இணையதளத்திலும் தொழில் தகராறைப் பதியலாம்.

தனியார் தொழிற்சாலைகள், தனியார் கன்டெய்னர் யார்டுகள், குடோன்கள், கடைகள் மாநிலத் தொழிலாளர் துறைக்கு வரும். மாநில மின்வாரியத்தின் வட சென்னை அனல்மின் நிலையமும் அப்படியே. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் பலர் குழம்புகிறார்கள். துறைமுகம்தானே, மத்திய அரசு என்று நினைத்துவிடுகிறார்கள். அது பெரிய துறைமுகங்களின் பட்டியலில் இல்லை. மாநிலத்துக்குத்தான் போக வேண்டும்.

அடுத்தது மாவட்டம். மணலி, மாதவரம், திருவொற்றியூர், கத்திவாக்கம் முன்பு திருவள்ளூர் மாவட்டம். 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டன. மீஞ்சூர், அத்திப்பட்டு, பொன்னேரி இன்றும் திருவள்ளூர்தான். பார்க்க வேண்டியது வேலை செய்த இடம் எந்த மாவட்டம் என்பதை. உங்கள் வீடு எங்கே என்பது இதற்குத் தேவையில்லை. தண்டையார்பேட்டையில் குடியிருந்து அத்திப்பட்டில் வேலை செய்தவர் திருவள்ளூர் மாவட்ட அலுவலகத்தில்தான் கொடுக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் ரயில் மாறாமல் ஏ.ஜி.-டி.எம்.எஸ். நிலையத்தில் இறங்கலாம்.

3. எந்தக் கோரிக்கை எந்த மேசைக்கு

தொழிலாளர் துறை என்று ஒரே பலகை இருந்தாலும், உள்ளே மேசைகள் வேறு வேறு. எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுத்தால் ஒரு மேசைக்காரர் தன் பங்கை மட்டும் பார்ப்பார், மற்றது அப்படியே நிற்கும். ஆகவே தனித்தனி மனு.

சம்பள பாக்கி, ஓ.டி. (கூடுதல் நேர வேலை), குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுத்தது, காரணமில்லாத பிடித்தம்: இவை தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) வழியாகப் போகும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதன்படி, ஒருவரை வேலையிலிருந்து நீக்கினாலும் அவரே விலகினாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளக் கணக்கை முடிக்க வேண்டும். "அடுத்த மாதம் பில் பாஸ் ஆனதும் தருகிறோம்" என்பதெல்லாம் செல்லாது. கோரிக்கை வைக்க மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. ஓ.டி.க்கு இரட்டிப்புச் சம்பளம். உங்கள் தொழிலுக்கான குறைந்தபட்ச ஊதியத்தைத் தொழிலாளர் துறை இணையதளத்தில் பாருங்கள். அகவிலைப்படி ஒவ்வோர் ஏப்ரல் 1-ஆம் தேதியும் மாறும். எந்த வருடத்துப் பாக்கியோ அந்த வருடத்துத் தொகையைப் போட்டுக் கணக்கிடுங்கள்.

வேலையை விட்டு நிறுத்தியது: இது சமரச அலுவலரிடம், அதாவது இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசித் தீர்க்கப் பார்க்கிற தொழிலாளர் துறை அதிகாரியிடம். இதில் தாமதம் கூடவே கூடாது. நிறுத்திய நாளிலிருந்து இரண்டு ஆண்டு தாண்டினால் கதவு மூடிவிடும். ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவர் என்றால், ஆட்குறைப்புக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு என்று கேட்கலாம்.

பணிக்கொடை (கிராஜுட்டி): இதற்குத் தனி விண்ணப்பம். முதலில் முதலாளிக்கு எழுத வேண்டும். 30 நாளில் தரவில்லை என்றால் பணிக்கொடைக்கான அதிகாரியிடம் போகலாம். கணக்கு எளிது. கடைசி மாதச் சம்பளம் 15,600 ரூபாய் என்று வையுங்கள். 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 600. பதினைந்து நாளுக்கு 9,000. ஆறு வருடம் ஏழு மாதம் வேலை செய்திருந்தால் ஏழு வருடமாக எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு ஆண்டு. ஆக 63,000 ரூபாய். ஆறு வருடம் என்று குறைத்து 54,000-க்கு முடிக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

பொதுவாக ஐந்து ஆண்டு சேவை வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுத்தில் வேலை தந்திருந்தால், புதிய சட்டத்தில் ஓராண்டே போதும். "காண்ட்ராக்டர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறினார், உனக்கு ஏது ஐந்து வருடம்?" என்பார்கள். நீங்கள் அதே யார்டில் தொடர்ந்து இருந்ததைக் காட்டப் பழைய கேட் பாஸ்கள்தான் உதவும். காண்ட்ராக்ட் தொழிலாளியின் பணிக்கொடைக்கு முதன்மை வேலையளிப்பவர், அதாவது காண்ட்ராக்ட் கொடுத்த கம்பெனி, பொறுப்பு என்று மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மணலிக்காரர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

4. மனு எழுதுவது

வெள்ளைத்தாள், தமிழ், ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஸ்டாம்பு தேவையில்லை, கட்டணமும் இல்லை. அலுவலக வாசலில் எழுதித் தருகிறேன் என்று ஐந்நூறு, ஆயிரம் கேட்பவர்களிடம் போகவே வேண்டாம்.

எதிர்மனுதாரர்களாக இரண்டு பேரையும் போடுங்கள்: ஒன்று காண்ட்ராக்டர், இரண்டு கம்பெனி, அதாவது முதன்மை வேலையளிப்பவர். காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் கம்பெனி தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் மனுவில் கம்பெனி பெயர் இல்லையென்றால் அவர்களுக்கு நோட்டீஸ் போகாது. காண்ட்ராக்டர் ஆபீசைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தால் உங்கள் மனு அங்கேயே நின்றுவிடும்.

விஷயத்தை இப்படி எழுதுங்கள்: "நான் 2019 ஜூன் 1 முதல் 2025 டிசம்பர் 31 வரை மேற்படி 2-ஆம் எதிர்மனுதாரரின் யார்டில் லோடிங் ஹெல்பராக வேலை செய்தேன். மாதச் சம்பளம் ரூ.15,600. 2025 டிசம்பர் மாதச் சம்பளம் தரப்படவில்லை. நவம்பரில் 42 மணி நேரம் ஓ.டி. செய்ததற்கும் பணம் தரவில்லை." அவ்வளவுதான். மாதம், நாள், மணி, ரூபாய். கடைசியில் மொத்தத் தொகையைக் கூட்டி எழுதி, கையெழுத்து, போன் எண், இணைத்த நகல்களின் பட்டியல்.

சட்டப் பிரிவு எண்களை எழுதாதீர்கள். சட்டம் அண்மையில் மாறியிருப்பதால், பழைய எண்ணைப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டு வாய்தா வாங்குவார். நடந்ததை நீங்கள் எழுதுங்கள், பிரிவை அதிகாரி பார்த்துக்கொள்வார். சூப்பர்வைசர் திட்டினார், மரியாதை இல்லாமல் பேசினார் என்பதெல்லாம் மனதை அறுக்கும், எனக்குத் தெரியும். ஆனால் சம்பள மனுவில் அதைக் கலந்தால் விசாரணை அந்தப் பக்கமாகப் போய்விடும்.

5. கொடுப்பது

நான்கு பிரதி. ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று கம்பெனிக்கு, ஒன்று காண்ட்ராக்டருக்கு, ஒன்று உங்களுக்கு. தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதி முத்திரையும் சுருக்கொப்பமும் வாங்குங்கள். "வச்சிட்டுப் போங்க, பார்த்துக்கிறோம்" என்றால் நகராதீர்கள், பணிவாக நின்று வாங்கிவிடுங்கள். 45 நாள், மூன்று மாதம் என்று பின்னால் எண்ணுவதெல்லாம் அந்த முத்திரைத் தேதியிலிருந்துதான்.

கம்பெனிக்கும் காண்ட்ராக்டருக்கும் தபாலில் அனுப்புங்கள். 2025-இல் உள்நாட்டுப் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். கவுண்டரில் ஸ்பீடு போஸ்ட், பதிவோடு, பெற்றதற்கான சான்றோடு வேண்டும் என்று கேளுங்கள். கவர் திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள், அதுவும் சாட்சி.

செலவு என்று பார்த்தால் ஜெராக்ஸ், தபால், போக்குவரத்து. முதல் கட்டம் சில நூறு ரூபாயில் முடியும். பெரிய செலவு, விசாரணை நாட்களில் போகிற கூலிதான்.

6. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. வேறு கதவு

தொழிலாளர் துறையில் பி.எஃப். பற்றிக் கேட்டால் அனுப்பிவிடுவார்கள், அது அவர்கள் வேலை இல்லை. முதலில் பதிவு செய்த போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுங்கள், இருப்பு எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். உமங் என்ற அரசுச் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து மாதம் மாதமாகப் பாருங்கள். ஒவ்வொரு மாதத்துப் பணமும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். பே ஸ்லிப்பில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் இல்லாத மாதங்களைக் குறித்துக்கொண்டு, பி.எஃப். குறைதீர்ப்பு இணையதளத்தில் புகார் போடுங்கள். பே ஸ்லிப் நகலை இணைக்க மறக்காதீர்கள்.

இரண்டு பொறிகள். புதுக் காண்ட்ராக்டர் உங்களுக்குப் புது யு.ஏ.என். போட்டுவிடுவார், பழைய சேவை தனியாகத் தொங்கும். சேர்ந்த அன்றே பழைய எண்ணைக் கொடுங்கள். இரண்டாவது, பழைய காண்ட்ராக்டர் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருப்பார். கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்ததும் ஆதார் ஓ.டி.பி. மூலம் நீங்களே பதியலாம்.

ஈ.எஸ்.ஐ.யைப் பலர் வேலை போன அன்றே முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பணத்துக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. உங்கள் கணக்கு எதில் வருகிறது என்று அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ பக்கத்து டிஸ்பென்சரிக்கோ போய்க் கேளுங்கள். மருந்து சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் இது பெரிய உதவி.

7. விசாரணை நாள்

நோட்டீஸ் தபாலில் வரும், போனிலும் சொல்வார்கள். அசல் ஆவணங்களோடு காலையிலேயே போய்விடுங்கள். எதிர்த்தரப்பு முதல் வாய்தாவுக்குப் பெரும்பாலும் வராது. நீங்கள் வந்ததைப் பதியச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.

அவர்கள் சொல்லப்போவது இரண்டில் ஒன்று. "இவர் சூப்பர்வைசர், தொழிலாளி இல்லை." மேற்பார்வை வேலை பார்த்து 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் தொழில் தகராறு எழுப்ப முடியாது என்பதால் இந்த வாதம். அட்டையில் சூப்பர்வைசர் என்று அச்சிட்டிருந்தாலும், நீங்கள் உண்மையில் செய்தது பெட்டி ஏற்றி இறக்கும் வேலை என்றால் அதைச் சாட்சியோடு சொல்லுங்கள். இல்லாவிட்டால், பாதித் தொகைக்கு அங்கேயே பேசி முடிக்கலாம் என்பார்கள். வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது. வாங்கினால் அதிகாரி முன் எழுதி, பேங்க் வழியாக வாங்குங்கள். வெளியே டீக்கடையில் கவரில் தருகிற பணம் வேண்டாம்.

சம்பளக் கோரிக்கையை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கும். அசைவே இல்லை என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள்: "இந்தத் தேதியில் கொடுத்த என் மனு மீது என்ன நடவடிக்கை?" முப்பது நாளில் பதில் தர வேண்டும். 1100 எண்ணில் முதல்வரின் முகவரி உதவி மையத்திலும் பதியலாம்.

8. சமரசம் முடியவில்லை என்றால்

வேலை நீக்க மனு கொடுத்து 45 நாள் ஆகியும் முடிவு வரவில்லை என்றால், சமரச அலுவலரின் அறிக்கைக்காகக் காத்திருக்காமல் நேராகத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அப்படியே. 15100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். மெட்ரோவில் உயர் நீதிமன்றம் நிலையம்.

உணவு டெலிவரி, பைக் டாக்ஸி ஓட்டுகிற தம்பிகளுக்கு மேலே சொன்ன சம்பள மனு வழி பொருந்தாது. அவர்கள் 2023-இல் தொடங்கிய கிக் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளட்டும். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இல்லாத 16 முதல் 59 வயதுக்காரர்கள், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் இணையதளத்தில் பதியலாம். ஆதாரோடு இணைந்த போன் இருந்தால் போதும், காசு கிடையாது.

9. உத்தரவு வந்த பிறகும் பணம் வரவில்லை என்றால்

உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி காண்ட்ராக்டர் வீட்டுக்கு அலையாதீர்கள். உத்தரவு போட்ட அதே அதிகாரியிடம் வசூல் சான்றிதழ் கேட்டு ஒரு பக்க மனு கொடுங்கள். அது கலெக்டருக்குப் போகும், நிலவரி பாக்கியை வசூலிப்பது போலவே வசூலிப்பார்கள். எந்தத் தாசில்தார் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள், கடித எண் என்ன, தேதி என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காண்ட்ராக்டரின் சொத்து, பேங்க் அக்கவுண்ட், இப்போது எந்தக் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் அதையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். உங்கள் சம்பளம் வந்த பேங்க் ஸ்டேட்மென்டிலேயே அவர் அக்கவுண்ட் எந்த பேங்கில் என்பது பெரும்பாலும் இருக்கும்.